மானாவாரியில் எண்ணெய் வித்தும் பயறும்: ஊடுபயிர் செய்யும் முறை

மானாவாரி நிலத்தில் ஊடுபயிர் செய்ய முடிவெடுப்பவர் விதை வாங்குவதற்கு முன்பே ஒரு தண்ணீர்க் கணக்கை எழுதிப் பார்த்துவிட வேண்டும். மண்ணில் தங்கும் ஈரம் ஒன்றே. அதைக் குடிக்கப்போகும் பயிர்கள் இரண்டு. இரண்டும் ஒரே வாரத்தில் பூத்து, ஒரே வாரத்தில் காய் பிடிக்குமானால், அந்த வாரத்தில் மழை தவறும்போது இரண்டும் சேர்ந்தே வாடும். ஒன்று காய் முற்றும் காலத்தில் மற்றொன்று இன்னும் இலை விட்டுக்கொண்டிருந்தால், ஒரு மழை தவறினாலும் அடுத்த மழை எட்டிப் பிடிக்க ஒரு பயிராவது நிலத்தில் காத்திருக்கும். எண்ணெய் வித்தையும் பயறையும் இணைக்கும்போது வரிசை எண்ணிக்கை, உர அளவு, களைக்கொல்லி என எல்லா முடிவுகளும் முக்கியமானவையே. எனினும் அவை அனைத்தும் இந்த ஒரு கணக்குக்குப் பின்னரே வர வேண்டும்.

நிலக்கடலையையும் துவரையையும் எடுத்துக்கொள்வோம். கொத்து வகை நிலக்கடலை 105 முதல் 110 நாட்களில் முதிரும். விதைத்த 40ஆம் நாள் தொடங்கி, விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கிக் காய் நிரம்பும் 80ஆம் நாள் வரை அதற்கு ஈரம் கட்டாயம் தேவை. 160 முதல் 180 நாட்கள் வயதுள்ள துவரை அந்தக் காலத்தில் மெல்லத்தான் வளரும். முதல் இரண்டு மாதங்களில் அதன் கவனமெல்லாம் வேரைக் கீழே இறக்குவதிலேயே இருக்கும். மேலே பார்த்தால் மெலிந்த செடியாகத்தான் தெரியும். கடலையைப் பறித்த பிறகே துவரை கிளைத்துப் படர்ந்து பூவுக்கு வரும். இத்தனை பொருத்தம் இருந்தும், விரைவில் காசு பார்க்கலாம் என்று எண்ணி 110 நாள் வயதுள்ள குறுகிய காலத் துவரையைக் கடலைக்குள் விதைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துவரை 65 நாளிலேயே பூக்கத் தொடங்கும். கடலை காய் நிரப்பும் அதே நாட்களில் அதுவும் தண்ணீர் கேட்கும். பயிர் பெயரளவில் பொருந்துகிறது, வயதில் பொருந்தவில்லை. ஆகவே விதை வாங்கும்போது இரகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் வயதைக் கேட்க வேண்டும்.

மண்ணும் மழையும்

ஈரம் நிலத்தில் எத்தனை வாரம் நிற்கும் என்பதை மழை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. மண்ணின் ஆழமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பொதுவாக 20 முதல் 30 வாரம் வரை பயிருக்கு ஈரம் கிடைக்கும் நிலங்களில், ஒரு நீண்ட காலப் பயிரும் ஒரு குறுகிய காலப் பயிரும் சேர்ந்த ஊடுபயிர் முறை நன்றாக நடக்கும். அதற்கும் குறைவான காலமே ஈரம் தங்கும் நிலத்தில், குறிப்பாக அரை மீட்டருக்குள்ளாகவே சரளையோ பாறையோ தட்டுப்படும் நிலத்தில், துவரை போன்ற நீண்ட காலப் பயிரை நம்பக் கூடாது. அங்கே 80 முதல் 85 நாளில் முடியும் எள்ளோடு 60 முதல் 65 நாளில் முடியும் பாசிப்பயறைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

மண்ணின் ஆழத்தை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. மழைக்கு முன்பு நிலத்தில் மூன்று நான்கு இடங்களில் கடப்பாரையால் குழி எடுத்துப் பார்த்தால் போதும். ஒரே வயலுக்குள்ளும் மேட்டுப் பகுதியில் ஒரு முழம், பள்ளத்தில் மூன்று முழம் என்று ஆழம் மாறலாம். மேட்டுக்கு ஒரு சேர்க்கையும் பள்ளத்துக்கு வேறொரு சேர்க்கையுமாகப் பிரித்து விதைப்பதில் தவறு ஒன்றுமில்லை.

இலேசான செம்மண்ணில் நிலக்கடலையோடு துவரை, ஆமணக்கோடு பாசிப்பயறு அல்லது தட்டைப்பயறு ஆகியவை ஏற்ற இணைகள். ஆழமான கரிசல் மண்ணில் சூரியகாந்தியோடு துவரையும், மழை ஓய்ந்த பின் மண்ணில் சேமிப்பாக இருக்கும் ஈரத்தை மட்டுமே நம்பி விதைக்கும்போது கொண்டைக்கடலையோடு குசும்பா என்னும் எண்ணெய் வித்தும் பொருந்தும். குசும்பாவின் ஆணிவேர் கொண்டைக்கடலையின் வேரைத் தாண்டிக் கீழே போய் ஈரத்தை எடுப்பதால் மேல் மண்ணின் ஈரத்துக்காக இரண்டும் அதிகம் மோதிக்கொள்வதில்லை. கரிசலில் தண்ணீர் தேங்கும் இடங்களில் எள்ளை விதைக்கவே வேண்டாம். ஒரு நாள் தேங்கல்கூட அந்தச் செடியை வாட்டிவிடும்.

வேர்கள் ஒன்றுக்கொன்று உதவும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990இல் இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, துவரையின் வேர் சுரக்கும் பிசிடிக் அமிலம், செம்மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) விடுவிக்கிறது என்று காட்டியது. மற்றப் பயிர்கள் எளிதில் எடுக்க முடியாத சத்து அது. துவரை அறுவடையான நிலத்தில் அடுத்த பருவப் பயிர் செழிப்பாக இருப்பதற்கு உதிர்ந்த இலைச்சருகோடு இதுவும் ஒரு காரணம்.

வரிசைக் கணக்கு

ஊடுபயிர் என்றால் இரண்டு விதைகளையும் கலந்து தூவுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. கலந்து தூவிய நிலத்தில் களை எடுக்கவும் முடியாது, ஒன்றை விட்டு ஒன்றை அறுவடை செய்யவும் முடியாது. தனித்தனி வரிசைகளே வேண்டும். அந்த வரிசைகள் நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும்; ஒவ்வொரு சாலும் ஓடும் மழைநீரைச் சிறிது நேரமாவது தடுத்து நிறுத்தும்.

நிலக்கடலை ஆறு வரிசை, துவரை ஒரு வரிசை என்ற அமைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. என்றால், ஒரு துவரை வரிசைக்கும் அடுத்த துவரை வரிசைக்கும் இடையே 210 செ.மீ. கிடைக்கும். வரிசைக்குள் 20 செ.மீ. இடைவெளியில் துவரையை நிறுத்தினால் ஒரு செடிக்கு 0.42 சதுர மீட்டர் இடம். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 23,800 துவரைச் செடிகள். தனிக் கடலையில் 30க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 3,33,000 செடிகள் நிற்கும் என்றால், இந்த அமைப்பில் ஏழில் ஆறு பங்காக 2,85,000 செடிகள் இருக்கும். கடலையில் ஏழில் ஒரு பங்கைத்தான் இழக்கிறோம். அந்த இடத்தில் வரும் துவரையோ, கடலை போன பிறகு இருபுறமும் பரந்து கிடக்கும் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

ஆறுக்கு ஒன்றா, எட்டுக்கு ஒன்றா என்ற கேள்விக்கு விடை உங்கள் கருவியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. விதைக்கும் கருவியில் எத்தனை கொழு இருக்கின்றன, கடலை தோண்டும் கருவியின் அகலம் எவ்வளவு, டிராக்டரின் சக்கரங்கள் எங்கே ஓடும் என்பதையெல்லாம் விதைக்கும் முன்பே அளந்துகொள்ள வேண்டும். துவரை வரிசைகளுக்கு இடையே கருவி நுழைய முடியாமல் போனால் அறுவடையன்று இரண்டு வழிதான் உண்டு: கடலை முழுவதையும் ஆள் வைத்துக் கையால் பறிக்க வேண்டும், அல்லது நன்றாக நிற்கும் துவரையை மிதித்து அழிக்க வேண்டும். விதைக்கும் முன்பே ஒரு நூல் கயிற்றால் அளந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

மற்ற இணைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரியகாந்தி இரண்டு வரிசைக்குத் துவரை ஒரு வரிசை. எள் ஆறு வரிசைக்குத் துவரை ஒரு வரிசை. கொண்டைக்கடலை மூன்று வரிசைக்குக் குசும்பா ஒரு வரிசை. ஆமணக்கு வரிசைகளை 90 முதல் 120 செ.மீ. வரை தள்ளி அமைத்தால் நடுவில் இரண்டு வரிசை பாசிப்பயறு வசதியாக நிற்கும். ஆமணக்கின் இலைகள் இடைவெளியை மூடுவதற்குள் பயறு கைக்கு வந்துவிடும். சூரியகாந்தி விரைவாக உயர்ந்து அகன்ற இலை விடும் பயிர் என்பதால், அதன் நிழலில் எந்தப் பயறையும் நெருக்கி வைக்கக் கூடாது.

விதைப்பும் உரமும்

கோடை மழையில் ஒரு முறை சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுங்கள். களைவிதைகளும் மண்ணுக்குள் கிடக்கும் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். விதைப்பு மழைக்குப் பின், ஈரம் மேலாக மட்டும் நனைந்திருக்கிறதா, ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தே விதைக்க வேண்டும். நிலக்கடலையும் துவரையும் 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில் விழலாம், எள் 2 முதல் 3 செ.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் முளைத்து மேலே வராது. எள் விதை மிகச் சிறியதாக இருப்பதால் நான்கு பங்கு உலர்ந்த மணலோடு கலந்து விதைத்தால் வரிசையில் சீராக விழும்.

விதை நேர்த்தியில் வரிசை மாறக் கூடாது. பூஞ்சாணக்கொல்லி முதலில், தேவைப்பட்டால் பூச்சிக்கொல்லி அடுத்து, பயறின் வேரில் முடிச்சு அமைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் கடைசியில், விதைக்கும் நாளன்று. பூஞ்சாணக்கொல்லிக்குப் பதிலாக டிரைக்கோடெர்மா விரிடி பயன்படுத்துவதாக இருந்தால் கிலோ விதைக்கு 4 கிராம் போதும். அதோடு இரசாயனப் பூஞ்சாணக்கொல்லியைக் கலந்தால் அந்த நல்ல பூஞ்சாணமும் செத்துவிடும். ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். நுண்ணுயிர்ப் பொட்டலத்தின் மேல் எந்தப் பயிருக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்து வாங்குங்கள். கொண்டைக்கடலைக்கும் சோயாவுக்கும் உரிய நுண்ணுயிர்கள் வேறு வேறு. அந்தப் பயிரை முதன்முறையாக விதைக்கும் நிலத்தில் இந்த நேர்த்தியைத் தவிர்க்கவே கூடாது.

நுண்ணுயிர் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். விதைத்த ஐந்தாவது வாரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது, ஒரு செடியைச் சுற்றி மண்வெட்டியால் அகலமாக வெட்டி, வேர்க்கட்டியோடு மண் உதிராமல் தூக்குங்கள். பிடுங்கி இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் வேரை மெதுவாக அலசி, தடித்த முடிச்சு ஒன்றை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் கலந்த நீரைப் போல இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் பயனில்லை. வயலின் நான்கைந்து இடங்களில் இப்படிப் பார்த்தால், அந்தப் பயறுக்குத் தழைச்சத்து உரம் தேவையா இல்லையா என்பது ஐயமின்றி விளங்கிவிடும்.

இங்கே பலரிடம் உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. பயறு சேர்க்கும் தழைச்சத்து, பக்கத்து வரிசையில் நிற்கும் சூரியகாந்திக்கோ ஆமணக்குக்கோ அதே பருவத்தில் பெருமளவு போய்ச் சேருவதில்லை. பயறு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் மண்ணில் உள்ளதற்குப் போட்டி குறைகிறது. வேரும் சருகும் மட்கிய பிறகு அடுத்த பயிருக்கு மிச்சம் கிடைக்கிறது. எனவே எண்ணெய் வித்துக்குரிய உரத்தை முற்றாக நிறுத்திவிடக் கூடாது. அதே சமயம் தழைச்சத்தை வயல் முழுவதும் இறைக்கவும் கூடாது. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் பயறு முடிச்சு பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். எண்ணெய் வித்து வரிசையின் பக்கத்தில் மட்டும் சால் கீறி, ஈரம் இருக்கும் நாளில் உரத்தை இட்டு மூடுவதே சரி.

மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுப்பதில் இரட்டை ஆதாயம் உண்டு, ஏனெனில் அதில் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் சேர்ந்தே இருக்கின்றன. கந்தகம் இல்லாமல் விதையில் எண்ணெய் ஏறாது. இந்த உரத்தை ஹெக்டேருக்கு 750 கிலோ மட்கிய தொழு உரத்தோடு கலந்து, ஒரு மாதம் நிழலில் குவித்து மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக அடியில் இட்டால் மண்ணில் கட்டிப்போகாமல் வேருக்குக் கிடைக்கும். நிலக்கடலையில் இதோடு ஜிப்சமும் வேண்டும்: ஹெக்டேருக்கு 400 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாளில், மண்ணில் ஈரம் உள்ள சமயத்தில், கடலை வரிசையின் அடியில். கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுக்கிறது. வேர் அனுப்பிவைப்பது காய்க்குப் போதாது. ஜிப்சம் எட்டாத இடத்தில் தோலுக்குள் பருப்பு இல்லாத பொக்குக் காய்களே மிஞ்சும்.

களை, பூச்சி, நோய்

முதல் 45 நாட்கள் களையில்லாமல் இருந்தால் ஊடுபயிர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். 20ஆம் நாளை ஒட்டி ஒரு களைக்கொத்து, 40ஆம் நாளுக்குள் மற்றொரு களைக்கொத்து, அதோடு மண் அணைப்பு. விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு கடலை வரிசையில் களைக்கொத்து படவே கூடாது. தப்பி நிற்கும் பெரிய களைகளைக் கையால் பிடுங்குங்கள்.

களைக்கொல்லி அடிப்பவர்கள் இரண்டு பயிரையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதைத்த மூன்று நாளுக்குள் ஈரமான மண்ணில் தெளிக்கும் பெண்டிமெத்தலின், உரிய அளவில் இந்தச் சேர்க்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். முளைத்த பிறகு அடிக்கும் இமாசெத்தபைர் கடலைக்கும் சோயாவுக்கும் தீங்கு செய்யாது. ஆனால் அருகில் நிற்கும் சூரியகாந்தியையும் எள்ளையும் ஆமணக்கையும் கருக்கிவிடும். புல் வகைக் களைகளை மட்டும் அழிக்கும் குயிசலோபாப் எத்தில் அகன்ற இலைப் பயிர்களைத் தொடுவதில்லை. பக்கத்து நிலத்தில் சோளத்துக்கோ கம்புக்கோ 2,4-டி என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கும் நாளில் காற்று உங்கள் பக்கம் வீசினால் இந்தப் பயிர்கள் அனைத்துமே இலை சுருண்டு சேதமடையும். அயல் நிலத்தாரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது தெளிப்பை விடவும் பயனுள்ளது.

பூச்சி விஷயத்தில் இணைப்பயிர் சில நேரம் காவலாளி, சில நேரம் கதவைத் திறந்துவிடுபவர். நிலக்கடலை வயலின் ஓரத்தில் நிற்கும் ஆமணக்கில்தான் இலை தின்னும் புழுவின் தாயான புரோடீனியா அந்துப்பூச்சி விரும்பி முட்டையிடும். வாரம் இருமுறை அந்த இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியலோ, பச்சையத்தைச் சுரண்டியதால் சல்லடைபோல் தெரியும் இலையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் குட்டிப் புழுக்களோ தென்படும். அந்த இலையை அப்படியே கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் கடலைக்குள் இறங்காமல் நின்றுவிடும். பார்க்காமல் விட்டால் அதே ஆமணக்கு புழுவை வளர்த்துக் கடலைக்கு அனுப்பும் பண்ணையாகிவிடும்.

சூரியகாந்தியையும் நிலக்கடலையையும் அடுத்தடுத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலையைப் பெருமளவில் அழித்த தண்டுக் கருகல் நோய்க்கும், சூரியகாந்தியில் வரும் கருகல் நோய்க்கும் காரணம் ஒரே நச்சுயிரிதான் (வைரஸ்). அது மகரந்தத்தில் தங்கி, இலைப்பேன்களின் வழியாகச் செடிக்குள் நுழைகிறது. நோயின் அறிகுறி எதுவும் காட்டாமலேயே பார்த்தீனியச் செடிகள் அதைத் தாங்கி நிற்கின்றன. வரப்பிலும் தரிசிலும் உள்ள பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே அகற்றுவது எந்த மருந்தையும்விட முந்திய வேலை.

வேர் அழுகல் நோய் வேறொரு வகை எச்சரிக்கை. எள், சூரியகாந்தி, பாசிப்பயறு, உளுந்து ஆகிய அனைத்தையும் தாக்குவது மேக்ரோபோமினா என்னும் ஒரே மண்வாழ் பூஞ்சாணம். வெயிலும் வறட்சியும் சேரும்போது அது வீறு கொள்ளும். எள்ளும் பயறும் சேர்ந்து ஒரு முறை அழுகிய நிலத்தில், மறு பருவமும் அதே இணையை விதைக்காமல் ஒரு சிறுதானியத்தை வைத்து மாற்றுங்கள்.

மழை ஏமாற்றினால்

விதைத்து ஒரு மாதத்துக்குள் நீண்ட வறட்சி வந்தால், இரண்டையும் காப்பாற்ற முயன்று இரண்டையும் இழப்பதைவிட, எது பிழைக்க வேண்டும் என்று விரைவில் முடிவெடுக்க வேண்டும். தட்டைப்பயறு, பாசிப்பயறு போன்றவை ஊடுபயிராக இருந்தால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை அறுத்து, ஆமணக்கு வரிசையின் அடியில் நிலப்போர்வையாகப் பரப்புங்கள். குடிக்கும் வாயும் குறையும், ஆவியாகும் ஈரமும் குறையும். கடலையோடு துவரை நிற்கும் வயலில் துவரையில் கை வைக்க வேண்டாம். அது பொறுத்து நிற்கும். மழை திரும்பியதும் பயறு பூக்கும் தருணத்தில் 2 சத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசலை ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளித்தால் பூ உதிர்வது குறைந்து காய் பிடிப்பு கூடும். ஹெக்டேருக்கு 10 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 500 லிட்டராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறுவடையும் கணக்கும்

கடலையைப் பறித்தவுடன் துவரை வரிசைகளுக்கு இடையே மேலோட்டமாக ஒரு உழவு போடுங்கள். அந்த உழவு களையை அழித்து, பின்பருவ மழையை நிலத்துக்குள் வாங்கிக்கொள்ள உதவும். ஆமணக்கு சேர்ந்த வயலில் களத்தைப் பிரித்தே வைக்க வேண்டும். ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. உண்ணும் பயறோடும் கடலையோடும் அது ஒரு விதைகூடக் கலக்கக் கூடாது, அதன் சக்கையும் மாட்டுத் தீவனத்தில் சேரக் கூடாது.

ஊடுபயிர் இலாபமா என்பதை மனக்கணக்கில் விடாமல் அளந்து பார்க்க, வயலின் ஓர் ஓரத்தில் இரண்டு பயிருக்கும் தனித்தனியாகச் சிறு பாத்தி ஒதுக்குங்கள். உதாரணமாக, தனிக் கடலை ஹெக்டேருக்கு 1,000 கிலோ என்ற கணக்கில் விளைந்து, ஊடுபயிரில் 850 கிலோ வந்தால் அதன் பங்கு 0.85. தனித் துவரை 800 கிலோ, ஊடுபயிரில் 480 கிலோ என்றால் பங்கு 0.60. கூட்டினால் 1.45, அதாவது ஒரு ஹெக்டேரில் எடுத்ததைத் தனித்தனியாக எடுக்க 1.45 ஹெக்டேர் நிலம் தேவைப்பட்டிருக்கும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டவில்லை என்றால் வரிசை அமைப்பையோ இரகத்தின் வயதையோ மாற்ற வேண்டும். மகசூல் பங்கு உயர்ந்திருந்தும் கைக்கு வந்த பணம் குறைந்திருக்கவும் கூடும் என்பதால், கூலியும் விதைச் செலவும் அதே தாளில் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

துவரையை அறுக்கும்போது வேரோடு பிடுங்காமல், தரையை ஒட்டி அரிவாளால் அறுத்தெடுங்கள். வேர் மட்கிய வழியே மண்ணுக்குள் ஆழத் துளைகள் தங்கும். கோடையில் பெய்யும் முதல் மழை அந்தத் துளைகளின் வழியாகத்தான் கீழே இறங்கும்.